ஐந்தாம் பெட்டியின் சாவி

சுருளியம்மாளிடம் நான் பேசிய முதல் பேச்சே திட்டுதான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. திட்டு வாங்க வேண்டிய காரியத்தைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். முப்பது வருடம் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான். கோபம் எனக்கு மூக்கு மேல் வரும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிலர் எதிர்த்துக் கத்துவார்கள். திட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு என் வாயை அடைத்தவர் இந்த அம்மாள் ஒருவர்தான்.

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில், மலையடிவாரத்தில் ஒரு சூரிய மின்பண்ணை இருக்கிறது. பகலில் கிடைக்கிற மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் அனுப்புவதற்காக அங்கே எட்டுப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். பெட்டி என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளத்துக்கு இரும்புக் கண்டெய்னர். உள்ளே தரையிலிருந்து கூரை வரை பாட்டரிதான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் தீப்பாதுகாப்பு ஆய்வு வேலை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பண்ணைக்குப் போய், விதிப்படி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதித் தர வேண்டும். சுருளியம்மாள் அங்கே வாயிற்காவல். வயது நாற்பத்தேழு. ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். இடது புருவத்தில் பாதி கிடையாது. அந்தப் பாதிப் புருவம் எங்கே போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அது ஆவணி மாதம். மேலே மலையில் சாரல் விடாமல் பிடித்திருந்தது. நான் ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் பெட்டிக்குப் பின்னால் திரும்பினால், கண்ணை நம்ப முடியவில்லை. பாட்டரியைக் குளிர வைக்கிற இயந்திரம் உள்ளே இருக்கிற சூட்டை வாங்கி ஒரு பக்கமாக வெளியே தள்ளும். அந்தச் சூட்டுக் காற்று வருகிற வாய்க்கு எதிரே செங்கல்லை அடுக்கி, அதன் மேல் நாலு மூங்கில் தட்டு. தட்டு நிறையப் பச்சை ஏலக்காய். பக்கத்தில் இந்த அம்மாள் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, காற்றில் புறங்கையை நீட்டிச் சூடு பார்க்கிறார்.

"என்னம்மா இது?"

"ஏலக்காண்ணே."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

"எங்க நாத்தனா அமுதவள்ளியோட காய்ண்ணே. மேல காய் ஒணத்துற எல்லா ஸ்டோர்லயும் முறை நிக்கிது. ரெண்டு நாளுன்னா காய் வீணாப் போயிரும். இங்க இம்புட்டுச் சூடும் சும்மா வெளிய போகுதேன்னு பார்த்தேன். நம்ம ஸ்டோர் சூடுதான், கைய வெச்சுப் பாருங்க."

எரிச்சலில் கையை வைக்கவில்லை, வெப்பமானியை வைத்தேன். நாற்பத்தாறு டிகிரி. ஏலக்காய் உலர்த்துகிறவர்கள் கேட்கிற அதே சூடு. வெறும் புறங்கையால் அதைக் கண்டுபிடித்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் தோன்றியதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. காற்று வாயை அடைத்தால் உள்ளே சூடு தங்கும், சூடு தங்கினால் பாட்டரி கெடும், கெட்ட பாட்டரி தானே எரியும். பெட்டியைச் சுற்றிப் பத்தடிக்குக் காய்ந்த புல்லோ சருகோ சாக்கோ இருக்கக் கூடாது என்று தீப்பாதுகாப்பு விதிப் புத்தகம் சொல்கிறது. இதையெல்லாம் கத்திச் சொன்னேன். அப்படிக் கத்தியதில் சாலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூட நின்று பார்த்தார்.

அம்மாள் தட்டை ஒவ்வொன்றாக எடுத்து வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எடுத்துட்டேண்ணே. ஒண்ணு கேக்கவா? உள்ள தீப்பிடிச்சா கதவ எப்பத் தெறக்கணும்?"

"தெறக்கக் கூடாது."

"இல்லண்ணே, பொக வந்தா?"

"வந்தாலும் தெறக்கக் கூடாது."

"அப்ப உள்ள இருக்குறது எரிஞ்சு போகுமே!"

"போகட்டும்."

புத்தி பேதலித்தவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஏன் என்று புரிய வேண்டுமானால் அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவர் சுருளியம்மாள். வரிசையாகக் கட்டிய கூலிக் குடியிருப்பைத்தான் அங்கே லயம் என்பார்கள். பதினாறு வயதில் களையெடுக்கப் போனார். பிறகு காய் பறித்தார். இருபத்தெட்டு வயதில் ஸ்டோருக்கு வந்தார். பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்துக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்று பெயர். வெளியே பெரிய அடுப்பு, விறகின் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும், அறை முழுக்கத் தட்டுகளில் காய். முதல் சில மணி நேரம் சன்னலைத் திறந்து நீராவியை விட வேண்டும், பிறகு மூட வேண்டும். சூடு கூடினால் காய் வெடித்து நிறம் போகும். குறைந்தால் பச்சை மங்கும். அடுப்பு வேலை ஆண்களுடையது. ஒரு சீசனில் அடுப்புக்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் நாலு நாள் நின்ற சுருளியம்மாள் பதினான்கு வருடம் நின்றுவிட்டார். வெப்பமானி பொய் சொல்லும், சுருளி சொல்லாது என்று அந்தத் தோட்டத்துக் கங்காணி சொல்வாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

ஸ்டோரில் இருந்தவர்களுக்கு ஒன்று ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். குழாய் ஓட்டையாகி அறைக்குள் புகை வந்தால் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும். புகையை வெளியே விட்டு, தட்டை இழுத்துப் போட்டு, காயைக் காப்பாற்ற வேண்டும். புகை பட்ட காயை எவனும் வாங்க மாட்டான். யோசிக்க நேரம் கிடையாது. யாரும் சொல்லித் தர வேண்டியதும் கிடையாது. மின்பண்ணையில் இருந்த ஆட்களோ பெரும்பாலும் மலைச் சரிவில் ஸ்டோர் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். மேற்பார்வையாளர் சிவக்குமாரே எட்டு வருடம் ஸ்டோரில் தட்டு சுமந்தவர். அவர்கள் கையில் பாட்டரிப் பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு, புகை வந்தால் திறக்காதே என்றால் எப்படி இருக்கும்?

பதினான்கு வருடப் புகை சுருளியம்மாளின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. கணவர் காய்ச்சலில் போன அடுத்த வருடம் இவருக்கும் மூச்சு முட்டி, ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே இறக்கினார்கள். இனிமேல் புகைப் பக்கம் போனால் திரும்பி நடந்து வர மாட்டீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் ஓர் இன்ஹேலரைக் கொடுத்து அனுப்பினார். கீழே போடியில் என்ன வேலை கிடைக்கும்? கணவரின் சித்தப்பா மகன் சிவக்குமார்தான் பண்ணையில் சொல்லி இந்த வாயிற்காவல் வேலையை வாங்கிக் கொடுத்தார்.

"பொகையே இல்லாத சோலிண்ணே" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார். "அடுப்பு இல்ல, வெறகு இல்ல, சாம்பல் அள்ள வேண்டாம். ரெண்டு வருசமாச்சு, ராத்திரி படுத்தா இருமல் இல்லாமத் தூங்குறேன்."

சரி, மூன்றாம் பெட்டிக்கு வருவோம். திறக்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நானும் முதலில் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்கக் கதவை உடைத்து உள்ளே போனவன் நான். மதுரையில் நடந்த பயிற்சியில்தான், வெளிநாட்டில் ஓர் ஊரில் இப்படி ஒரு பாட்டரிக் கூடத்தின் கதவைத் திறந்த தீயணைப்பு வீரர்கள் வெடித்துத் தூக்கி எறியப்பட்டதைச் சொன்னார்கள். அதை அவருக்குச் சொன்னேன். பாட்டரி கெட்டால் முதலில் தீ வராது, வாயு வரும். வாயு உள்ளேயே நிறைந்து நிற்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

அவர் தன் பாதிப் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஈர வெறகப் போட்டு அடுப்பு வாய மூடி வெச்சா, எரியாம உள்ளயே பொகஞ்சுக்கிட்டுக் கெடக்கும்ணே. என்னாச்சுன்னு மூடியத் தெறந்தேன் பாருங்க, பொக்குனு மூஞ்சில அடிச்சுச்சு. புருவம் போயிருச்சு. அது மாதிரிதான?"

அது மாதிரிதான். பயிற்சி நடத்தியவர் இரண்டு நாள் படம் போட்டுக் காட்டியதை இவர் ஒரு புருவத்தில் சொல்லி முடித்துவிட்டார். என் கோபம் எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை.

"எம்பேர எழுதிருவீங்களாண்ணே?" என்று அடுத்து மெதுவாகக் கேட்டார். "எழுதுனா சோலி போயிரும். மறுபடி மேல ஸ்டோருக்குத்தான் போகணும். நெஞ்சு தாங்காது."

எழுதவில்லை. காற்று வாய்க்கு எதிரே தடை இருந்தது, அகற்றப்பட்டது என்று மட்டும் எழுதினேன். செய்தது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். கூடவே இன்னொன்றும் எழுதினேன். அதுவரை எட்டுப் பெட்டிச் சாவியும் அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இனிச் சாவிக்கொத்து வாயிற்காவலர் வசம்தான் இருக்க வேண்டும், எச்சரிக்கை மணி அடிக்கும்போது எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி, அவசரத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னேன். நிறுவனமும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. அந்தத் தாளின் நகலைச் சுருளியம்மாள் வாசல் அறையில் ஒட்டிவைத்தார்.

அன்றிலிருந்து அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, எனக்கே பயம் வந்துவிட்டது. பத்தடி என்றால் தன் காலுக்குப் பதினைந்து மிதி என்று கணக்கு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை எட்டுப் பெட்டியையும் மிதித்து அளப்பார். உள்ளே ஒரு புல் முளைக்க விடமாட்டார். ஆடு நுழைந்தால் ஆட்டுக்காரருக்கு அர்ச்சனை. இரண்டு பெட்டிக்கு நடுவே நிழலாக இருக்கிறதென்று சிவக்குமார் வண்டியை நிறுத்தப் போக, மதினி என்கிற உறவையும் பார்க்காமல் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார். "மூக்கும் மதினிக்கு, சாவியும் மதினிக்கு, நமக்கு என்ன இங்க சோலி" என்று சிவக்குமார் என்னிடம் வந்து புலம்பினார். மூக்கு என்றது உண்மை. வயர் லேசாகச் சூடானாலும் அந்த அம்மாளுக்கு வாசத்திலேயே தெரிந்துவிடும்.

மாசி மாதத்தில் எச்சரிக்கை மணி மூன்று தடவை அடித்தது. மூன்றும் உணர்கருவியில் படிந்த வெறும் தூசி. மூன்றாவது தடவைக்குப் பிறகு, பெட்டிக்குள்ளிருந்து வாயுவை வெளியே தள்ளுகிற விசிறி சும்மா சும்மா ஓடுகிறதென்று, யாரோ அதன் சுவிட்சை மாற்றி நிறுத்திவைத்துவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பொய்யாக மூன்று தடவை கூப்பிட்டவனை நாலாவது தடவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மணிக்கும் அதே கதிதான்.

பங்குனியில் ஒரு நாள், முற்பகல் பதினொன்றே கால் இருக்கும். ஐந்தாம் பெட்டியின் மணி அடித்தது. சிவக்குமாரும் இரண்டு ஆட்களும் அலுவலகத்திலிருந்து வந்தார்கள். நடந்துதான் வந்தார்கள், ஓடி வரவில்லை. சிவக்குமார் கோயம்புத்தூரில் இருக்கிற தலைமைப் பொறியாளர் லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டார். மறுபடியும் தூசியாகத்தான் இருக்கும், திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர். இனி நடந்ததை அங்கிருந்த எல்லோரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

"மதினி, சாவிக்கொத்தக் கொண்டாங்க."

"மணி அடிக்குது தம்பி. அடிச்சா தெறக்கக் கூடாது. தாள்ல எழுதியிருக்கு."

"மூணு தடவ அடிச்சு மூணும் தூசி. இன்ஜினியரே தெறக்கச் சொல்லிட்டாரு. வெரசா கொண்டாங்க."

"இது தூசி இல்ல. வாசம் வருது."

"என்ன வாசம்? எனக்கு ஒண்ணும் வரலையே."

"பழம் அழுகுன மாதிரி இனிப்பா வருது. இதுக்கு முன்னால இங்க வந்ததில்ல."

சிவக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள், போனில் இன்ஜினியர் காத்திருக்கிறார். "இந்தச் சோலிய நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அத மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

"மறக்கல தம்பி. அதுக்குத்தான் தர மாட்டேங்குறேன்."

சிவக்குமார் சாவியைப் பிடுங்கக் கையை நீட்டினார். வாதாடி ஜெயிக்க முடியாது, பலத்தாலும் முடியாது என்று சுருளியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கொத்தை முந்தானையில் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், வாசல் கதவைத் தள்ளினார், ஓடிவிட்டார்.

ஆமாம், ஓடிவிட்டார். நாற்பத்தேழு வயது, கெட்டுப்போன நெஞ்சு, காக்கிச் சட்டை. தேவாரம் சாலையோரத்தில் தள்ளி நிற்கிற புளியமரத்தைப் பார்த்து ஓட்டம். கம்பெனிச் சாவியைத் தூக்கிக்கொண்டு காவல்காரர் ஓடினால் என்ன செய்வார்கள்? மூன்று ஆண்களும் "மதினி, மதினி" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். ஐந்தாம் பெட்டி பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

எனக்குப் போன் வந்தது அப்போதுதான். வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே... மணி அடிக்குது... வாசம் வருது... நா ஓடுறேன்..."

"எங்கம்மா ஓடுற?"

"ரோட்டுல!"

அதற்கு மேல் இரைப்புச் சத்தம்தான் கேட்டது. போடி தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். தம்ளரைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. மனைவி போட்டதாகத்தான் சொல்கிறாள்.

புளியமரத்தடிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் சிவக்குமார். சுருளியம்மாள் வேரில் சாய்ந்து கிடந்தார். சாவியைப் பிடுங்கக் குனிந்தவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார், மூச்சு உள்ளே போகவில்லை.

"பம்பு எங்க மதினி? இன்ஹேலர் எங்க?"

அவர் கையைப் பண்ணைப் பக்கம் காட்டினார். வாசல் அறையில் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அந்த அறைக்கு நேர் எதிரே இருப்பது ஐந்தாம் பெட்டியின் கதவு. சிவக்குமார் எடுத்து வரத் திரும்பினார். அப்போது அந்த அம்மாள் சாவியைக் கீழே போட்டுவிட்டார். அந்தக் கையால் சிவக்குமாரின் சட்டையைப் பிடித்தார். சட்டைப் பொத்தான் தெறித்தது, பிடி விடவில்லை.

"போகாத" என்றார். அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

சாவி இரண்டு பேருக்கும் நடுவே மண்ணில் கிடந்தது. சிவக்குமார் அதை எடுக்கவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோதும் அப்படித்தான் இருந்தார்கள். ஆம்புலன்சில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் சட்டையிலிருந்து அந்தக் கை இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அதுவரை புகையே வரவில்லை.

புகை பிறகுதான் வந்தது. ஐந்தாம் பெட்டியின் கூரை இடுக்கிலிருந்து வெள்ளையாக, சத்தமில்லாமல். தீயணைப்பு வீரர்கள் காற்று வீசி வருகிற பக்கமாகத் தள்ளி நின்று, நாலாம் பெட்டி மேலும் ஆறாம் பெட்டி மேலும் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஐந்தை அதன் போக்கில் விட்டார்கள். சாயங்காலம் அடங்கியது. பெட்டி வெடிக்கவில்லை. சுற்றிலும் பதினைந்து மிதிக்குப் புல்லே இல்லாததால் பக்கத்தில் எதுவும் பற்றவுமில்லை.

வெடிக்காமல் போனதுதான் அவருக்கு வினையாக வந்தது. வெடித்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். நடக்காத விபத்துக்கு யார் சாட்சி சொல்வது? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே கடிதம் காத்திருந்தது. மேலதிகாரியின் உத்தரவை மறுத்தது, அனுமதியின்றி வாசலை விட்டுப் போனது, நிறுவனத்தின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியது. விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை நீக்கம். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்திருப்பேன். அவர்தான் வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

விசாரணை பண்ணை அலுவலகத்தில் நடந்தது. லிங்கேஸ்வரன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், அமைதியாகப் பேசுகிறவர். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"கதவைத் திறக்கக் கூடாதுன்னு உங்களுக்கு அவ்வளவு உறுதியா எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஆபீசர் அண்ணன் சொன்னாரு சார். நா மூணாம் பெட்டிகிட்ட ஏலக்கா காயப்போட்டேன்ல, அன்னைக்கித் திட்டிட்டுச் சொன்னாரு."

மேசைக்கடியில் சுருளியம்மாளின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னார். நாலு தட்டு, நாற்பத்தாறு டிகிரி, பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டது வரைக்கும். லிங்கேஸ்வரன் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெட்டிக்குள் இருக்கிற கருவியின் பதிவு வந்த பிறகு முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.

"ஏம்மா, அத யாரு கேட்டா?" என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எப்படித் தெரியும்னு கேட்டாரேண்ணே. அப்படித்தான தெரிஞ்சது?"

அந்த ஒரு வாரம் மோசமான வாரம். அமுதவள்ளி என் வீட்டுக்கே வந்துவிட்டார். மதினி மேலே பழைய ஸ்டோருக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார், வந்ததிலிருந்து இருமல் நிற்கவில்லை, நீங்களாவது சொல்லுங்கள் என்று அழுதார். நான் போய்ச் சத்தம் போட்டேன். "கொழப்பமில்லண்ணே, ஒரு துணியக் கட்டிக்கிட்டு நிப்பேன்" என்று சமாதானம் சொன்னார். கொழப்பமில்ல என்றால் மலையாளத்தில் பரவாயில்லை. இருமலுக்கு நடுவில்தான் சொன்னார். நான் அங்கே மேற்கொண்டு திட்ட முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் லிங்கேஸ்வரன் மறுபடி வந்தார். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். கையில் ஒரே ஒரு தாள். பாட்டரி செய்த நிறுவனத்து ஆட்கள் பெட்டியை முறைப்படி வாயுவை வெளியேற்றிப் பாதுகாப்பாகத் திறந்து, கருவியில் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகியிருந்த வாயு அளவை எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"சிவக்குமார், நீங்க எனக்குப் போன் பண்ணது எத்தன மணி?"

சிவக்குமார் தன் போனை எடுத்துப் பார்த்தார். "பதினொண்ணு இருபது சார்."

"சாவி கேட்டது?"

"ஒரு ரெண்டு நிமிசம் கழிச்சு."

லிங்கேஸ்வரன் தாளை அவர் பக்கம் தள்ளினார். பதினொன்று இருபத்திரண்டுக்கு எதிரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. பெட்டிக்குள் நிறைந்திருந்த வாயு அந்த நேரத்தில் காற்றுப் பட்டால் வெடிக்கிற அளவைத் தாண்டியிருந்தது. அடுத்த நாற்பது நிமிடம் அப்படியே இருந்திருக்கிறது.

"திறக்கச் சொன்னது நான்தான்" என்றார் லிங்கேஸ்வரன். "அம்மா, நான் சொன்னதைக் கேட்காததுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்."

சிவக்குமார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவின் கைப்பிடியில் இருந்திருக்க வேண்டிய கை அது. பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

சுருளியம்மாளின் வேலை நிலைத்தது. ஏலக்காய் காயப்போட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அறிக்கையில் மறைத்ததற்கு எனக்கும் ஒன்று வந்தது. இரண்டுமே நியாயமான கடிதங்கள், எனக்குப் புகார் இல்லை. விசிறிக்குத் தனிப் பூட்டு வந்தது. அவசரத் திட்டத்தைத் திருத்தி எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. பதினான்காம் விதியாக இதைச் சேர்த்தேன்: "மணி ஒலித்ததும் சாவிப் பொறுப்பாளர் சாவிக்கொத்துடன் வாசலைத் தாண்டிப் புளியமரத்தடிக்குச் சென்றுவிட வேண்டும், மற்றவர்கள் அனைவரும் அவரைப் பின்தொடர வேண்டும்." எந்த நாட்டுத் தீப்பாதுகாப்பு விதிப் புத்தகத்திலும் இப்படி ஒரு விதி இருக்காது. லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சுருளியம்மாள் ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும் என்று அடைப்புக்குள் எழுதச் சொன்னதும் அவர்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடக்கிறது. நான் மணியை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுருளியம்மாள் முந்தானையில் சாவியைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடப்பார், மொத்தப் பண்ணையும் பின்னால் வரும். சாலையில் போகிற ஜீப்புக்காரர்கள் எந்தச் சாமி ஊர்வலம் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சிவக்குமார் மட்டும் பின்னால் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் முன்பாகவே மரத்தடிக்குப் போய் நின்றிருப்பார். போன வாரம்தான் கவனித்தேன், சட்டைப் பையில் ஓர் இன்ஹேலர் வைத்திருந்தார். பண்ணையில் இருக்கிற நேரமெல்லாம் அது அவருடைய பையில்தான் இருக்கிறதாம்.

"இது எதுக்குப்பா உன்கிட்ட?" என்று கேட்டேன்.

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "தாள்ல எழுதியிருக்குண்ணே."

அந்தத் தாளை எழுதியவன் நான். அப்படி ஒரு வரி அதில் கிடையாது.